எழுதுகிறார், தட்ட வேண்டாம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தங்கச்சி சொல்லிவிடுவாள்.

எங்களுடையது லாண்டரிக் கடை. கவுன்ட்டருக்குப் பின்னால், ஹேங்கரில் தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் இரண்டு நாவல் எழுதினேன். பத்து வார்த்தை எழுதுவதற்குள் தங்கச்சி கூப்பிட்டுவிடுவாள். அந்த நீலக் கோட்டு எங்கே, இந்தக் கறை போகுமா பார், சில்லறை இருக்கா. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாவிட்டால், "அக்கா, தூங்கிட்டியா?" என்பாள். நான் வள்ளென்று விழுவேன். இந்தக் கடையில் ஒரு மனுஷி நிம்மதியாக ஒரு பக்கம் எழுத முடிகிறதா, உன் தொல்லை இல்லாத இடமாகப் பார்த்து ஒருநாள் போய்விடுகிறேனா இல்லையா பார் என்பேன். அவள் சிரிப்பாள். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம் மறுபடியும், "அக்கா..."

அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் அமையவே இல்லை. அவளுக்கு அமைந்தது, நிலைக்கவில்லை. கீழே கடை, மேலே வீடு. சாப்பாடு, சண்டை, கணக்கு, காய்ச்சல் எல்லாம் சேர்ந்தேதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த உதவித்தொகை வந்தது. குழாய் தயாரிக்கிற கம்பெனி ஒன்று, எழுத்தாளர்கள் பிழைப்புக் கவலை இல்லாமல் முழுநேரமும் எழுதட்டும் என்று ஊருக்கு வெளியே ஒரு வீட்டைக் கட்டிப் போட்டிருந்தது. ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். சாப்பாடு, அறை, மாதச் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேறு வேலை பார்க்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. நேர்காணலில், உங்கள் எழுத்துக்குப் பெரிய தடை எது என்று கேட்டார்கள். "என் தங்கச்சி" என்றேன். அறையே சிரித்தது. வீட்டுக்கு வந்து அதை அவளிடமும் நடித்துக் காட்டினேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

கிளம்புகிற அன்று பஸ்ஸில் என் பெட்டியை ஏற்றிவிட்டு, "இனிமே உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க, நிம்மதியா எழுது" என்றாள். நானும் பெரிய இவளாட்டம், கடை விஷயத்துக்கெல்லாம் போன் பண்ணித் தொலைக்காதே, தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அந்த வீட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு வசதி. மாடியில் என் அறை. பெரிய மேஜை, முதுகு வலிக்காத நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வரிசையாக மரங்கள். குளியலறைக் குழாய் மட்டும் ஒழுகியது. குழாய்க் கம்பெனி கட்டிய வீட்டில் ஒழுகுகிற குழாய்! இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? தங்கச்சியிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எழுதாமல் குழாயையா பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பாளே என்று வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். ஒரு பக்கம் 'உள்ளே வரலாம்'. திருப்பினால் 'எழுதுகிறார், தட்ட வேண்டாம்'. தட்டக் கூடாத பக்கம் தெரிந்தால் அந்த வீட்டில் ஒருத்தரும் கதவைத் தொட மாட்டார்கள். சாப்பாட்டுக் கேரியரைச் சத்தமில்லாமல் வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார்கள். வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறுவார். இந்த விதியைக் காப்பதில் அவருக்கு அப்படி ஒரு பக்தி.

முதல் வாரம் பலகையை 'வரலாம்' என்றே விட்டிருந்தேன். யாரும் வரவில்லை. எதிர் அறையில் ஒரு இளம் கவிஞர். அவர் பலகை எப்போதும் 'தட்ட வேண்டாம்'தான், உள்ளே டைப் அடிக்கிற சத்தம் ஓயாது. பொறுப்பாளர் அம்மா அடிக்கடி கம்பெனிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடைபாதையில் வருவார். எதிர்க் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். என் கதவைப் பார்த்து, "இன்னும் செட்டில் ஆகலை போல" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சுருக்கென்றது. அன்றைக்குத் திருப்பிய பலகைதான், அப்புறம் நான் அதைத் தொடவே இல்லை.

எழுதினேனா என்று கேட்காதீர்கள். காலையில் உட்காருவேன். ஒரு வரி வரும். அடுத்த வரிக்கு முன்னால் யாராவது கூப்பிடுவார்கள் என்று என் கை தானாக நிற்கும். யாரும் கூப்பிட மாட்டார்கள். இத்தனை வருஷம் "இதோ வர்றேன்டி" என்று கத்திவிட்டு, எழுந்து போவதற்குள் அவசரமாகப் பிடித்துப் போட்ட வரிகள்தான் என் நாவல்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொழுது முழுக்க என்னுடையது என்றானதும் ஒரு வரிக்கும் அவசரம் இல்லை. குழாய் சொட்டுவதைக் கேட்டபடி மதியம்வரை உட்கார்ந்திருப்பேன். கேரியர் ஸ்டூலில் பட்டு லேசாகச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். வைத்தவர் அதற்குள் படி இறங்கியிருப்பார்.

மாலையில் தங்கச்சிக்குப் போன் போடுவேன். "எழுதறியா?" என்பாள். எழுதறேன் என்பேன். "அப்ப வெச்சிடறேன், உன் நேரத்தைக் கெடுக்க வேணாம்" என்று வைத்துவிடுவாள். வைக்காதேடி என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் நீளம்தான், அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

ஒருநாள் காலை முதல் கை பரபரவென்று இருந்தது. கீழே போய் இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். என் துணி எல்லாவற்றையும் தேய்த்தேன். போதவில்லை. தலையணை உறை, படுக்கை விரிப்பு, மேஜைத் துணி. கடைசியில் ஜன்னல் திரையைக் கழற்றித் தண்ணீர் தெளித்து அதையும் தேய்த்தேன். சூடான துணி வாசம் அறை முழுக்க ஏறியது. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் அமைதியாக இருந்தது. தேய்த்த துணிமேல் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. மதியக் கேரியர்கூட வெளியில் ஆறிக் கிடந்தது.

மறுநாள் தோட்டத்தில் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நேத்து உங்க தங்கச்சி வந்திருந்தாங்க மேடம். காலை பஸ்லயே வந்துட்டாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே, எப்போது, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்றேன்.

"பலகை திரும்பியிருந்ததே. நான் தட்டட்டுமான்னு கேட்டேன். தட்டாதீங்க, அக்கா எழுதறப்ப கூப்பிட்டா பிடிக்காதுன்னுட்டாங்க. நீங்க பலகையைத் திருப்பினதும் பாக்கலாம்னு உங்க கதவுக்கு எதிர்ல பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் கடைசி பஸ் வரைக்கும் பாத்துட்டுப் போயிட்டாங்க. நேத்து நீங்க வெளியவே வரலையே மேடம், பெரிய அத்தியாயமோ?"

பாவம், அவர் என் எழுத்தை ஒரு நாள் முழுக்கக் காவல் காத்த பெருமையில் நின்றார். நான் அந்த மனிதரைக் கண்டபடி திட்டிவிட்டேன். கூடப் பிறந்தவள் வந்து வாசலில் கிடக்கிறாள், பலகையாம் பலகை, உமக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினேன். எதிர் அறைக் கவிஞர்கூட ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் முகம் சுருங்கிப்போயிற்று. தப்பு அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன.

மாடிக்குப் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து என் கதவும் பலகையும் மட்டும்தான் தெரியும். காய்ச்சல் வந்தாலும் கடையை மூடாதவள், ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்து இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ இருக்கிறது.

உடனே போன் போட்டேன். எதற்குடி வந்தாய் என்றேன். ஒன்றுமில்லை, சும்மா பார்க்க என்றாள். சும்மா வருகிற ஆளா நீ என்றேன். பிறகு மெல்லச் சொன்னாள்.

எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை டெய்லர். மனைவியை இழந்தவர், சாதுவான மனிதர். அவருக்கு 'ஊசி' என்று பெயர் வைத்ததே நான்தான். அவர் மகன் வேறு ஊரில் பெரிய கடை போட்டிருக்கிறான், மாதக் கடைசியில் இவரும் அங்கே போகிறார். போவதற்கு முன்னால் என் தங்கச்சியிடம், கல்யாணம் செய்துகொண்டு நீயும் என்னோடு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவள் அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பஸ் ஏறியிருக்கிறாள்.

"போன்ல கேக்கற விஷயமா இது? அதான் நேர்ல வந்தேன்" என்றாள்.

"தட்ட வேண்டியதுதானே?"

"எப்பவும் தட்டறவதானே நான். அதனாலதானே நீ அங்க போன." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "உள்ள சத்தமே இல்லை. ஒரு தடவை தேய்க்கிற வாசம் வந்துச்சு, கீழ யாரோ தேய்க்கறாங்கன்னு நினைச்சேன். உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அக்காவுக்கு எழுத்து இருக்கு, ஒரு நாள் முழுக்க அவளால அதோடயே இருக்க முடியுது. எனக்குத்தான் யாருமில்லைன்னு தோணுச்சு. வந்ததும் அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கதவு திறந்திருந்தா உன்னைத்தான் கேட்டிருப்பேன்கா. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். இப்பவும் நீ சொன்னா..."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஊசியை நாலு கிண்டல் செய்து, இந்த வயசில் உனக்கு இது தேவையா என்று கேட்டு, அவள் வாயை அடைத்து, அடுத்த பஸ்ஸில் அவளோடு நானும் ஏறியிருப்பேன். இப்போதும் நாக்கு நுனியில் அந்த வார்த்தைதான் நின்றது. போகாதே, நான் இங்கே ஒரு வரி எழுதவில்லை, திரைச்சீலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், என்னால் முடியவில்லை. சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அந்தப் போனுக்குள் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்து விடுகிற மூச்சு அது.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்க" என்றேன். "நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"நெஜமாவா?"

"பின்ன? ஊசி நல்ல மனுஷன்டி."

அவள் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நேத்து நல்லா எழுதினியா?" என்று கேட்டாள்.

"பெரிய அத்தியாயம். முடிச்சிட்டேன்" என்றேன்.

மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். டெய்லர் தானே தைத்த கோட்டில் வந்திருந்தார், மடிப்பு கலையாமல் இருந்தது, தேய்த்தவள் யார் என்று எனக்குத் தெரியும். மாலை பஸ்ஸிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள், எழுத்து கெட்டுவிடுமாம். கடையை நம்மிடம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் மனைவியிடம் விட்டாயிற்று, நீ இனிமேல் கவுன்ட்டரில் உட்கார வேண்டாம், மேல் வீடு முழுக்க உனக்குத்தான், உன் அறையைச் சரி பண்ணி வைத்திருக்கிறேன் என்று பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் நகர்கிறவரை என் கையை விடவில்லை.

மீதி மாதங்களை ஓட்டினேன். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். பலகையை 'உள்ளே வரலாம்' என்று திருப்பியே வைத்தேன். வந்தவர் அவர் ஒருத்தர்தான், குழாயைச் சரிசெய்ய ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். வேண்டாம், அது சொட்டட்டும் என்றேன்.

ஆறு மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கீழே கடையில் புதியவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். படியேறினேன். பழைய சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி, மேலே வெள்ளைத் துணி விரித்து, பேனா எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். நாற்காலிக்குப் புதுசாக மெத்தை தைத்துப் போட்டிருந்தது.

என் அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. சட்டையை மடிக்கும்போது உள்ளே வைப்போமே, அந்த அட்டை. டெய்லர் கடை நூலில் கட்டி, துணிக்கு நம்பர் போடுகிற மையால், அவளுடைய குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'எழுதுகிறார், தட்ட வேண்டாம்.' ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறாள்.

திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தும், நான் அவளுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டவே இல்லையே.