சக்கரத்துக்குப் போட்ட கம்பளி

என் வீட்டுக்காரர் இளஞ்செழியன் கனடாவுக்குப் போய் மூன்று வருஷம் நாலு மாசம் ஆகிறது. தினமும் போன் பண்ணுவார். ‘சாப்டியா’, ‘சாப்டேன்’, ‘அங்க மழையா’, ‘இல்ல’, ‘சரி, வெச்சிடட்டா’. பதினோரு நிமிஷம், மிஞ்சினால் பன்னிரண்டு. எங்கள் குடித்தனம் மொத்தமும் அதற்குள் நடந்து முடிந்துவிடும். வைத்த பிறகுதான் எனக்குப் பேச ஆயிரம் ஞாபகம் வரும். அதற்குள் அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்.

இந்தப் பொங்கலுக்கு வருகிறார். போன பொங்கலுக்கும் வருவதாகத்தான் இருந்தது, அதற்கு முந்தின பொங்கலுக்கும். ஒரு தடவை லீவு தரவில்லை, ஒரு தடவை பேப்பர் ஏதோ சரியில்லை. இந்தத் தடவை லீவும் கையில், டிக்கெட்டும் கையில். பதினாலே நாள். வர ரெண்டு, போக ரெண்டு. மீதி பத்து நாளை நான் எண்ணி எண்ணி விரலே தேய்ந்துவிட்டது.

அவர் கிளம்புகிற அன்றைக்கு இங்கே மத்தியானம் மூணே முக்காலுக்கு, மணலூர்பேட்டைக்கு மேற்கே என் சிநேகிதி தங்கமணியின் கழனியில் சேற்றை உழுது குழப்பிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் நடவு. டிராக்டர் எங்களுடையது. அவர் கனடாவுக்குக் கிளம்பின அந்த மாசமே டிரைவர் நின்றுவிட்டான், நான் ஏறி உட்கார்ந்தேன். முதல் போகத்தில் ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. இப்போது எவன் வண்டி சேற்றில் இறங்கினாலும் ‘சந்திரலேகாவக் கூப்டு’ என்கிறார்கள். பீற்றிக்கொள்ளவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

போன் அடித்தது. அவர்தான், வீடியோவில். அங்கே அப்போது விடியற்காலை நாலேகால். ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டிய நேரம். வண்டி ஓட்டும்போது அவர் யாரையும் கூப்பிடவே மாட்டார்.

"லேகா, வண்டி மாட்டிக்கிச்சுடி."

மீசையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவர் வேலை செய்கிற பன்றிப் பண்ணை காட்டுப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஏர்போர்ட் ஒன்றே கால் மணி நேரம். மெயின் ரோட்டைத் தொட அரை கிலோமீட்டர் இருக்கும்போது, திருப்பத்தில் கார் சறுக்கி ஓரத்துப் பனியில் மூக்கை நுழைத்துக்கொண்டதாம். இழுக்கிற வண்டிக்காரன் வர மூன்று மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டான். கூட வேலை செய்கிறவர்கள் ஷிப்ட்டில் இருக்கிறார்கள், யாரும் போனை எடுக்கவில்லை.

"அஞ்சேகாலுக்குள்ள கெளம்பினாதான்டி பிளைட்டு. இத வுட்டா அஞ்சு நாளைக்கு சீட்டே இல்ல."

பத்தில் அஞ்சு போய்விடும். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அழுதால் வண்டி நகருமா? டிராக்டரை நிறுத்திவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கி நின்றேன்.

"மொதல்ல ஸ்டார்ட் பண்ணு மாமா."

"ஸ்டார்ட்லதான் கீது."

"சத்தமே காணோமே?"

"ஹைப்ரிட்டுடி இது. பாதி நேரம் பேட்டரில ஓடும். தேவப்பட்டாதான் என்ஜின் எழுந்துக்கும்."

எனக்கு எந்த வண்டியின் நோயும் காதில்தான் தெரியும். என்ஜின் திணறுகிறதா, சக்கரம் வெறுமனே சுற்றுகிறதா, எல்லாம் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். வாயைத் திறக்காத வண்டிக்கு நான் என்ன வைத்தியம் பார்ப்பது? போனைச் சக்கரத்துக்கு நேராக வை என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார், நான் கத்துவது கேட்கவேண்டும் என்றேன். அவர் சாப்பாட்டு டப்பாவைப் பனியில் வைத்து அதன்மேல் போனைச் சாய்த்துவிட்டுப் போனார். முன்சக்கரம் தெரிந்தது. அதைச் சுற்றி, உப்பளத்தில் கொட்டி வைத்த மாதிரி வெள்ளை.

"ரிவர்ஸ் போட்டு மிதி."

சக்கரம் கால் சுற்று சுற்றியது, நின்றது. மறுபடி கால் சுற்று. மறுபடி நின்றது.

"யோவ், ஏன் பிரேக் அடிக்கிற?"

"நான் இன்னாடி பண்றது? வழுக்குனா வண்டியே பவர கொறச்சிக்குது. சேஃப்டியாம்."

"அதுக்கு புத்தி ஜாஸ்தி. அத அமுத்தி வெக்கறதுக்கு எதனா பட்டன் கீதா பாரு."

கார் வழுக்குகிற மாதிரி படம் போட்ட பட்டன் ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்ததும் விளக்கு எரிந்தது. இப்போது மிதித்தபோது உள்ளே என்ஜினும் எழுந்தது, சக்கரம் நன்றாகச் சுற்றியது. எனக்கு உயிர் வந்தது.

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். எங்கள் கழனியில் டிராக்டர் இறங்கினால் பயப்படமாட்டோம். இரும்புச் சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போகும், ஒரு முழத்தில் கெட்டி மண் வரும், அதைப் பிடித்து ஏறிவிடும். அந்தத் தைரியத்தில், "வுடாத, மிதிச்சிக்கினே இரு, அடித்தரைய புடிச்சிடும்" என்று கத்தினேன். அவரும் பொண்டாட்டி சொல் தட்டாமல் மிதித்தார். சக்கரம் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் கார் வயிறு பனியில் உட்கார்ந்துவிட்டது.

அவர் இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "அடியில தரை இல்லடி. சூட்டுல உருகி கண்ணாடி மாதிரி ஐஸாயிடுச்சி."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணி நாலு தாண்டிவிட்டது. சேற்றைத் தவிர எதையும் பார்க்காதவள் நான், கனடா பனிக்கு அதிகாரம் பண்ணப் போனேன். மூன்று வருஷம் காத்திருந்து, வருகிற மனுஷனை நானே குழியில் இறக்கிவிட்டேன்.

"வாரித்தள்ள எதனா கீதா மாமா?"

"சின்னதா ஒண்ணு கீது."

"வயித்துக்கடியில கெடக்கறத எல்லாம் எடுத்துடு. பின்னால பொகக்கொழா அடச்சிருக்கும், அதையும் தொறந்து வுடு."

வாரினார். இருபது நிமிஷம் அந்த ஆள் குனிந்து நிமிர்ந்து வாரியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது. கல்யாணமான புதிதில் ஒரு மார்கழியில் பைக்கில் வெள்ளிமலைக்குப் போனோம். கல்வராயன் மலை ஏற ஏற எனக்குப் பல் தந்தியடித்தது. அவர் சட்டைக்குள் ரெண்டு கையையும் விட்டு முதுகைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த முதுகுதான் வேண்டும், பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில். போனில் தெரிகிற முதுகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வண்டிச் சத்தம் நின்றுவிட்டதே என்று தங்கமணி வரப்போரமாக வந்துவிட்டாள். போனை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, உங்கூட்டுக்காரர் உப்பு வாரிக்கினு கீறாரு?" என்றாள். சுருக்கமாகச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சக்கரத்துக்கடியில சோகை போடணும் மாமா," என்றேன். கரும்புச் சோகையைக் கத்தை கத்தையாகத் திணித்தால் எங்கள் வண்டி எப்பேர்ப்பட்ட சேற்றிலும் ஏறும்.

"இங்க சோகைக்கு எங்கடி போவேன்? கார் கால்மிதிய போட்டுப் பாத்துட்டேன், தூக்கி எறிஞ்சிடுச்சி."

"பெட்டில இன்னா கீது?"

அவர் குனிந்து மறுபடி பனியை வாரினார்.

"பெட்டியத் தொற மாமா."

"எல்லாம் உனக்கு வாங்கினதுடி."

"தெரியும். தொற."

பெட்டி திறந்தது. ரெண்டு ஸ்வெட்டர், துண்டுகள், ஒரு கோட்டு, அடியில் சிவப்பு ரோஜாப் பூப்போட்ட பெரிய கம்பளி. அதை அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வேணாம்டி. ரெண்டு பேரும் ஒண்ணா போத்திக்கலாம்னு பாத்துப் பாத்து வாங்கனேன்."

விட்டால் ரெண்டு பேரும் அழுதுகொண்டே விமானத்தை அனுப்பிவிடுவோம். "மணலூர்பேட்டை வெயிலுக்கு யாருக்குயா வேணும் கம்பளி? போர்வ வந்து என் பக்கத்துல படுக்குமா? போடு சக்கரத்துக்கு!" என்று கத்தினேன். தங்கமணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போட்டார். இடது சக்கரத்துக்குக் கம்பளி, வலதுக்குத் துண்டும் கோட்டும். முனையைச் சக்கரத்தின் அடிவரை கையால் திணிக்கச் சொன்னேன். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி ஆட்டு என்றேன். மிதிக்காதே, அழுத்து, முட்டைமேல் கால் வைக்கிற மாதிரி வை என்றேன்.

"வர்ற வேகத்த வுட்டுடாத மாமா. நவுந்துச்சுன்னா நிக்காத. எது வந்தாலும் நிக்காத. மெயின் ரோடு வர்ற வரைக்கும் கால எடுக்காத."

சக்கரம் ரோஜாப் பூவைக் கவ்வியது. ஒரு தடவை வழுக்கியது, இன்னொரு தடவை கவ்வியது. கார் தலையை அசைத்தது.

"இப்ப! போ! போ! நிக்காத! போய்க்கினே இரு!"

நான் போட்ட சத்தத்தில் கழனிக் கொக்குகள் எல்லாம் எழும்பின. கார் பின்னுக்கு ஏறி, ரோட்டைப் பிடித்து, திரும்பி, போனது. நான் சொன்னபடி நிற்கவே இல்லை. பின்விளக்கு ரெண்டும் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தன. மணி நாலு நாற்பத்தொண்ணு. அவருக்கு அஞ்சு பதினொண்ணு.

தங்கமணியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் குதித்தோம். அப்புறம்தான் அவள் நின்றாள்.

"ஏய், போன வுட்டுட்டுப் போறாருடி!"

ஆமாம். நசுங்கிய கம்பளி, ரெண்டு சக்கரத் தடம், விழுகிற பனி. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாமேல் சாய்த்த போன் அங்கேயே இருந்தது.

"இரு, வந்துருவாரு. போன் இல்லாம எப்படி பிளைட்டு ஏறுவாரு?" என்று தங்கமணி ஆறுதல் சொன்னாள்.

எனக்கு அதுதான் பயம். பாஸ்போர்ட்டும் டிக்கெட் தாளும் அவர் போட்டிருந்த கோட்டுக்குள் இருந்தன. போன் இல்லாமலே ஏறிவிடலாம். ஆனால் என் ஆளை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று திரும்பி வருகிற ஆள். மெயின் ரோட்டில் காரை நிறுத்தி, அந்தப் பனியில் அரை கிலோமீட்டர் நடந்து வந்து, மறுபடி நடந்து போனால் எல்லாம் முடிந்தது. கையில் இருந்தது நாலே நாலு நிமிஷம்.

மூன்று வருஷம் நாலு மாசமாக இந்தப் போனைப் பார்த்து நான் சொன்னதெல்லாம் ‘வந்துடு மாமா’ ஒன்றுதான். அன்றைக்கு அதே போனை உதட்டோடு வைத்துக்கொண்டு, "வராத மாமா, திரும்பி வராத, தயவு பண்ணி வராத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்க அங்கே யாரும் இல்லை.

பனி கண்ணாடிமேல் விழ ஆரம்பித்தது. முதலில் தடம் மறைந்தது, அப்புறம் கம்பளி. திரை முழுக்க வெளுத்துவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டேன். காற்று மட்டும் கேட்டது. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். ஒரு தடவை ‘சரக்’கென்று ஏதோ கேட்டது. அவர் காலடிதான் என்று நினைத்தேன். இல்லை. மறுபடி காற்று. இருபது நிமிஷம். அரை மணி. குளிரில் அந்தப் போன் செத்திருக்கும் போல, லைன் தானாகவே அறுந்தது.

"வரவே இல்லியேடி," என்றாள் தங்கமணி, பாவமாக.

"வரல தங்கம்," என்றேன். "அவரு வரவே இல்ல."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முதுகைத் தடவி, வேறு டிக்கெட் கிடைக்கும், அடுத்த பொங்கலுக்கு வருவார் என்று என்னென்னவோ தேற்றிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.