கடல் தாண்டி நடந்த செருப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்குப் பீரோவுக்குள்ளிருந்து படபடவென்று உதைக்கிற சத்தம் கேட்டது. பல்செட்காரர் பதறவில்லை. உள்ளே இருந்தது மனைவியின் வீட்டுச் செருப்பு. சனிக்கிழமை அதைப் பூட்டி வைத்தவரே அவர்தான்.

இருபத்தாறு வருடங்களாகக் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுத்து வந்தார்கள். நோயாளியின் வலது நமக்கு இடது என்ற தொழிலின் முதல் பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவளுக்கு நாற்பத்தெட்டு முடிந்தபோது வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று இரண்டு வருடப் படிப்புக்கு வயது பார்க்காமல் ஆள் எடுத்தது. மெழுகில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. அவளுக்கு இடம் கிடைத்தது. வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டுமே, அதனால் நான் பல் செதுக்கி அனுப்பவே இல்லை என்றார் அவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் என்று மைத்துனன் போகிற இடமெல்லாம் சொல்லிப் பூரித்தான்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் செருப்பு நடக்கத் தொடங்கியது. அங்கே அவள் நடந்தால் இங்கே அது நடக்கும். வகுப்பு நேரத்தில் சமையலறைச் சுவரோரம் அடக்கமாக நிற்கும். முதல் மாதம் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, பிறகெல்லாம் அதைத் தாண்டிப் போய் மோர் வாங்கிக்கொண்டு போனாள். முதல் வருடம் சுவரை ஒட்டி ஒட்டி நடந்த செருப்பு, இரண்டாம் வருடம் துள்ளியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எதிரே காலி நாற்காலியை வைத்துக்கொண்டு யாருக்கோ முன்பல் செய்கிறவருக்கு வயிறு எரியாதா? இந்த வயதில் என்ன ஆட்டம் என்று செருப்பிடமே கேட்டார். அவள் செதுக்கிய பல்லை ஆசிரியர் வகுப்பு முழுக்கக் காட்டினாராம். அன்று செருப்பு கூடத்தில் குதித்த குதியில் அவர் டீ கொட்டியது. பீரோவில் தள்ளிப் பூட்டினார்.

அந்த நிமிடமே அங்கே அவள் கால் மரத்துப் போயிற்று. டாக்டர்கள் ஊசியால் குத்திப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். திங்கட்கிழமை போனில் அழுதாள்.

"ஏங்க, நாளைக்குக் கடைசிப் பரீட்சை. கால் வாசப்படி தாண்ட மாட்டேங்குது. பேசாம திரும்பி வந்துடட்டுமா?"

வந்துவிடு என்பது நாக்கு நுனி வரை வந்தது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது உதை குறைந்து, கதவைத் தட்டி அனுமதி கேட்பதுபோல் ஆகிவிட்டது. அந்தத் தட்டலை அவரால் தாங்க முடியவில்லை. சாவியைத் திருப்பினார். செருப்பு அவரைச் சட்டை செய்யாமல் கூடத்தை ஒரே ஓட்டமாகக் கடந்து சமையலறைச் சுவரோரம் போய் நின்றது. அவர் வேலைக்குப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான்கு மணி நேரம். செருப்பு சுவரை விட்டு நகர்ந்ததும் போன் அடித்தது.

"நல்லா செஞ்சிருக்கேங்க. எல்லாம் நீங்க விட்டுக்கொடுத்ததாலதான்."

செருப்பு அவர் காலருகே வந்து நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விட்டுக்கொடுக்கலடி, நானும் அனுப்பினேன். வலது பல்லைக் கேட்டாங்க, நான் இடதைச் செதுக்கிட்டேன்."