அமானத்து நிலத்தில் ஒரு குளம்

கொல்லையில் குழி இடுப்பளவு ஆழமான பிறகுதான் எர்காஷுக்கு விஷயம் தெரிந்தது. தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிற அவருக்கு, நடுச்சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பது தினசரிக் கடமை. நாலு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பிய அன்றைக்கும் நீட்டினார். நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்.

“என்னம்மா பண்றே அங்க?”

“பார்த்தாத் தெரியலையா பெரியத்தான்? குளம் வெட்டறேன்.”

“யாரைக் கேட்டு?”

தம்பி பெண்டாட்டி சனோபர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். “மண்ணைக் கேட்டேன். வெட்டிக்கோன்னுச்சு.”

“புருஷன் உயிரோட இருக்கறப்ப வீட்டுக்குள்ள குழி தோண்டறியே, உனக்கே நல்லாருக்கா? இது அமானத்து நிலம். ஜோகிர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

அவள் அடுத்த வெட்டு மண்ணை, கொஞ்சம் வேகமாகவே, சுவர்ப்பக்கம் வீசினாள். தலை மறைந்தது.

அமானத். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஒருவன் இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற பொருள். உஸ்பெகிஸ்தானின் கோகந்தில் அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய சொல் கிடையாது. தன் பொருளைத் தொலைத்தவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, அமானத்தைத் தொலைத்தவன் தெருவில் தலை காட்ட முடியாது. ஜோகிர் கட்டட வேலைக்கு ரஷ்யா புறப்பட்டபோது, வாசலில் வைத்து அண்ணனிடம் சொன்னான்: “அண்ணே, வீடும் சனோபரும் உன்கிட்ட அமானத்.” அன்றைக்கு அவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்கூட. பைத்தியக்காரி.

முதலில் பணம் நின்றது. பிறகு போன் நின்றது. அங்கே இன்னொருத்தி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ரஷ்யாவிலிருந்து திரும்பியவர்கள் தெருவில் எல்லோரிடமும் சொன்னார்கள், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டாள். ஆனால் அமானத் மட்டும் நிற்கவில்லை. கொல்லையில் ஒரு திராட்சைக்கொடி நடலாமா என்று கேட்டால், “அமானத்து நிலம், கை வைக்காதே” என்பார் எர்காஷ். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்றால், “அவன் வரட்டும்.” தங்கை கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறேன் என்றதற்கு, “அமானத்தை எப்படிம்மா வெளியூர்ல விடறது?” என்று கேட்ட உத்தமர் அவர். அதே கொல்லையில் தன் ஆடுகளைக் கட்டியதும், தன் செங்கல்லை அடுக்கியதும் மட்டும் எந்தக் கணக்கில் வந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இந்த வசந்தத்தில் வந்து, காருக்கு அங்கே ஒரு கொட்டகை போடப்போவதாக வேறு சொல்லிவிட்டுப் போனார். கேட்கவில்லை, சொன்னார்.

அன்று மாலைதான் சனோபர் மண்வெட்டியை எடுத்தாள்.

ஏன் குளம்? கொடி நட்டிருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். சுவர் கட்டியிருந்தால் இடித்திருப்பார்கள். குளத்தைப் பிடுங்க முடியாது. அது மட்டுமா, அவளுக்கு ஆசை. அந்த ஊர் வெயிலில், கட்டிலைத் தண்ணீர் ஓரமாய்ப் போட்டுக்கொண்டு தன் கால் தன் தண்ணீரில் தொங்க உட்கார வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஆசைக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

வேலை அவளுக்குப் புதிதில்லை என்று சொல்ல முடியாது, புதிதுதான். தப்பும் நடந்தது. முதலில் குழியின் பக்கங்களை நேராக வெட்டினாள், மண் சரிந்து விழுந்தது. பிறகு சரிவாக வெட்டி, ஓரத்தில் நாணல் தொட்டிகள் வைக்க ஒரு படி விட்டாள். கரை நாலு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் மறுபக்கத்து வீட்டு ஹோசியத் அக்காவிடம் கொடுத்தாள். ஹோசியத் புருஷனைப் புதைத்துவிட்டு வாயை மட்டும் வளர்த்துக்கொண்டவள்.

“உன் பக்கம் தாழ்வுடி. இப்படியே விட்டா தண்ணியெல்லாம் எர்காஷ் வீட்டுக்குப் போகும்.”

“போகட்டும். குளிச்சு ரொம்ப நாளாச்சு அவருக்கு.”

தரைக்குத் தார்ப்பாய். நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதுதான் சனோபரின் பிழைப்பு. காற்றில் கிழிந்த ஒரு பெரிய லாரிக் கூரையை முதலாளி தூக்கிப் போட இருந்தார். அதைக் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரங்களில் கிழிசல்களைச் சூடு வைத்து ஒட்டினாள். ஆனால் தார்ப்பாயை வெறும் மண்மேல் விரித்தால் கல் குத்திவிடும். அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும். வீட்டில் மெத்தென்று இருந்தது ஒன்றே ஒன்று.

கல்யாணத்துக்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்த பட்டு மெத்தைகள். மாடத்தில் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஜோகிர் வந்ததும் விருந்தாளிகளுக்கு விரிக்கலாம் என்று பிரிக்காமலே இருந்தவை.

முதல் மெத்தை குழிக்குள் விழுந்ததும் ஹோசியத் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! சீதனத்தையா மண்ணுல போடறே? உங்கம்மா கண்ணு நோகத் தச்சதாச்சேடி!”

“அம்மா நான் படுக்கத்தான் தச்சா. பூச்சி படுக்க இல்ல. இந்தா, அந்தப் பக்கத்தை இழு அக்கா.”

ஹோசியத் திட்டிக்கொண்டே இழுத்தாள். சிவப்பு, பச்சை, மயில்நீலம் என்று குழி முழுக்கப் பட்டு விரிந்ததும் ஹோசியத் குனிந்து ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். சனோபருக்கு அழுகை வரும்போல் இருந்தது, வந்தால் எர்காஷுக்கு வசதியாகப் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஹோசியத் மூச்சிரைக்க ஓடி வந்தாள். “எர்காஷ் டீக்கடையில ஹஷர் கூப்பிட்டிருக்காண்டி. நாளைக்கு விடியக்காலை. உன் குழியை மூட.”

ஹஷர் என்று கூப்பிட்டுவிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தே ஆகவேண்டும். கூலி கிடையாது. கூப்பிட்டவன் வயிறாரச் சோறு போடுவான், அவ்வளவுதான். வீடு கட்டுவதும் வாய்க்கால் தூர் வாருவதும் அங்கே இப்படித்தான். பெண் ஒருத்தி வெட்டியதை மூட ஹஷர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

“சோறு யாரு ஆக்கறாங்களாம்?” என்று கேட்டாள் சனோபர்.

“அவன்தான். கஞ்சப்பய, வேலை முடிஞ்சப்புறம் மதியம்தானாம். காலையில சந்தைக்குப் போய் மலிவாக் கறி பிடிச்சுட்டு வருவானாம். அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிடுங்கன்னு சொல்லியிருக்கான்.”

“உன் பெரிய கொப்பரையை எடுத்துட்டு வா அக்கா. காரட் நறுக்கணும்.”

“உன் குழியை மூட வர்றவனுக்கு நீ ஏண்டி சோறு போடறே?”

“போடறேன். அப்புறம் மூடட்டும், பார்க்கலாம்.”

ஞாயிறு விடியலில் ஆண்கள் வந்தபோது சனோபர் வீட்டு முற்றத்தில் விரிப்பு விரித்து, ரொட்டி பிய்த்து வைத்து, தேநீர் ஊற்றித் தயாராக இருந்தது. கொப்பரை மூடியைத் திறந்ததும் சீரகமும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த வாசனை தெருமுனை வரை போயிருக்கும். எர்காஷா இப்படி, வேலைக்கு முன்னாலேயே புலாவ் போடுகிறான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பசித்த வாயும் பழகிய வழக்கமும் சேர்ந்தால் அப்படித்தான். உட்கார்ந்தார்கள், அள்ளினார்கள்.

“எர்காஷ் பையன் திருந்திட்டான்யா!” என்றார் கறிக்கடை மாமாசாலி, வாய் நிறைய. வந்தவர்களில் வயதில் மூத்தவர் அவர்தான், அளவிலும் மூத்தவர்.

சாப்பிட்டு முடிந்ததும் மூத்தவர் இரு கையும் ஏந்தி, சோறு போட்ட வீட்டுக்கும் அந்த வீட்டின் காரியத்துக்கும் துஆ கேட்பார். எல்லோரும் கையேந்தி ஆமீன் சொல்லி முகத்தில் தடவிக்கொண்ட பிறகுதான் எழுந்திருப்பார்கள். மாமாசாலி கையேந்தினார். வரிசையாக எல்லாக் கைகளும் எண்ணெய் மினுங்க உயர்ந்தன.

“யா அல்லாஹ், சோறு போட்ட எர்காஷ் வீட்டுல பரக்கத்தைக் கொடு, அவன் நெனச்ச காரியத்தை—”

“அண்ணே,” என்றாள் சனோபர். “இது எர்காஷ் சோறு இல்ல.”

கைகள் அந்தரத்தில் நின்றன.

“அரிசி என்னுது. ஆக்கினது நான். கறி நேத்து உங்க கடையில நீங்களே வெட்டிக் கொடுத்தது.”

மாமாசாலி கொஞ்சம் யோசித்தார். “அதான் அவ்வளவு தொடைக்கறி வாங்கினியா தங்கச்சி!”

ஓர் இளவட்டம் மெதுவாகக் கையை இறக்கப் பார்த்தான். மாமாசாலி முறைத்த முறைப்பில் திரும்ப ஏற்றிக்கொண்டான். தின்ற வீட்டுக்கு ஆமீன் சொல்லாமல் ஏந்திய கையை இறக்கியவன் என்று அந்தத் தெருவில் இன்றுவரை ஒருவனும் இல்லை. முதல் ஆளாக இருக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கை வலித்தது, இறக்க வழியில்லை.

“சரி,” என்று பெருமூச்சு விட்டார் மாமாசாலி. “உன் காரியம் என்ன, சொல்லு. கேட்டுடறேன்.”

“குளம் ஒழுகாம நிக்கணும்னு கேளுங்க.”

“யா அல்லாஹ், சனோபர் வீட்டுல பரக்கத்தைக் கொடு. அவ குளம் ஒழுகாம நிக்கட்டும்.”

“ஆமீன்!” என்றது முற்றம் மொத்தமும். கொப்பரைக்குப் பின்னாலிருந்து ஹோசியத்தின் ஆமீன்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

எர்காஷ் கறிப்பையோடு உள்ளே வந்தபோது, ஆட்கள் குழியைச் சுற்றி நின்று பட்டு மெத்தைகளை வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன வேடிக்கை? மூடுங்கய்யா!”

“நீயே மூடிக்க எர்காஷ்,” என்றார் மாமாசாலி. “நாங்க இவ சோத்தைத் தின்னு ஆமீன் சொல்லிட்டோம்.”

எர்காஷின் கழுத்து சிவந்தது. “பொம்பளை விரிச்ச வலையில விழுந்துட்டு வந்து என்கிட்ட நியாயம் பேசறீங்களா? இது என் தம்பி நிலம். இவ என்கிட்ட அமானத். பொருளுக்கு உடையவன் சொன்னா கேப்பீங்கல்ல? இருங்க, அவனையே பேச வைக்கறேன்.” போனை எடுத்து அழுத்தினார், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

இத்தனை வருஷமாக அவள் எண்ணுக்கு எடுக்காத ஜோகிர், அண்ணன் எண்ணுக்கு உடனே எடுத்தான். பின்னால் துளைபோடும் இயந்திரத்தின் இரைச்சல்.

“டேய் ஜோகிர், உன் பொண்டாட்டி பண்ற அநியாயத்தைக் கேளுடா. தெருவே நிக்குது. நீயே ஒரு வார்த்தை சொல்லு.”

“பொண்டாட்டியா?” என்றது அந்தக் குரல். “லேனா வேலைக்குல்ல போயிருக்கா. உனக்கு எப்படிண்ணே அவளை…”

“லேனா இல்லடா! சனோபர்! இங்க, உன் வீட்டுல!”

இரைச்சல் நின்றது. யாரோ இயந்திரத்தை அணைத்திருக்க வேண்டும்.

“சனோபரா? அவ இன்னுமா அங்க இருக்கா?”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமாசாலி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எர்காஷ் போனை அணைக்க விரலால் தடவினார், விரல் சரியான இடத்தில் படவில்லை.

வலித்தது. தெரிந்ததுதானே என்று வலி குறைந்துவிடவில்லை. இத்தனை ஆண் பிள்ளைகள் முன்னால் மண்ணுக்குள் போய்விடலாம் என்று இருந்தது அவளுக்கு, பக்கத்தில் குழிகூடத் தயாராக இருந்தது. ஆனால் வலிக்குள்ளேயே வேறொன்றும் இருந்தது. ஒப்படைத்தவனே மறந்துவிட்டுப் போன பொருளை இனி யார் பத்திரப்படுத்த? அவள் எர்காஷின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“இருக்கேன்,” என்றாள். “இனிமேலும் இருப்பேன். என்னை யார்கிட்டயோ ஒப்படைச்சீங்களே, அதை நானே திரும்ப எடுத்துக்கிட்டேன். இத்தனை பேரு சாட்சி. வேலையைப் பாருங்க, எனக்கும் வேலை கிடக்கு.”

அணைத்து, போனை எர்காஷின் சட்டைப்பையிலேயே போட்டாள். அவர் முகத்தில் கோபத்துக்குக்கூடத் தெம்பில்லை. பாவமாகத்தான் இருந்தார். பாவம் பார்க்கிற மனநிலையில் சனோபர் இல்லை.

“தார்ப்பாயை எடுங்க!” என்று கத்தினாள். குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே மறுபடியும் கத்தினாள். “இழுக்காதீங்க, தூக்கிப் பிடிச்சு இறக்குங்க. ஒட்டு விட்டுப்போச்சுன்னா ஒருத்தருக்கும் இந்த வீட்டுல டீ கிடையாது!”

ஆண்கள் ஓடினார்கள். மாமாசாலி முன்பக்கம் ஒரு மூலை, இளவட்டங்கள் இரண்டு மூலை. ஒரு மூலை மட்டும் மடங்கித் தரையில் கிடந்தது, எர்காஷின் காலடியில்.

“பெரியத்தான், அந்த மூலைக்கு ஆள் இல்ல. பிடிக்கறீங்களா, நகர்றீங்களா?”

எர்காஷ் குனியவில்லை. கறிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தார். சனோபரே அந்த மூலையை எடுத்து இழுத்துப் பிடித்தாள்.