பெண்கள் பக்கத்துக் கொக்கிகள்

"ரோசலின், கேட்டைப் பூட்டச் சொல்லிட்டான் மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே பெருமாயி அக்கா சாவிக்கொத்தை என் தையல் மிஷின் மேல் போட்டாள்.

"எந்தக் கேட்டை?"

"எந்தக் கேட்டையா? நான் என்ன கோட்டைக்கா காவல் இருக்கேன்? பொம்பளைக கேட்டைத்தான்."

பேகம்பூருக்கு இந்தப் பக்கம் இருந்த செண்பகம் தியேட்டரில் பெண்களுக்குத் தனி வழி உண்டு. பக்கத்துச் சந்தில் நுழைந்தால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒடுக்கமான வரிசை. டிக்கெட் வாங்கி, பெருமாயி அக்காவிடம் கிழித்துக்கொண்டு நேரே உள்ளே போய்விடலாம். உள்ளேயும் இடுப்பளவுச் சுவர் வைத்துத் தடுத்த தனிப் பக்கம். பின்சுவரில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கும். பழைய சேலை ஒன்றைக் கொண்டுபோனால் போதும், தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு முழுப் படத்தையும் பார்க்கலாம். தியேட்டர் கட்டுகிற காலத்தில் பெரிய முதலாளியின் மனைவி சிவனம்மாள் சொல்லி அடித்த கொக்கிகள் அவை. "பிள்ள அழுதா தாய்க்காரிதான வெளிய போகணும்? அவளுக்குப் பாதிக் கதைய யாரு சொல்லுறது?" என்று அந்த அம்மா கேட்டார்களாம்.

ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் போய், யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க எங்கள் தெருக்களில் இருந்த ஒரே இடம் அது. கோயிலில்கூட வேலை சொல்வார்கள்.

பெரிய முதலாளி இறந்ததும் மகன் மதியழகன் பொறுப்புக்கு வந்தான். அதே சமயம் வீட்டுக்கு வீடு கேபிளும் வந்தது. கூட்டம் குறைகிறது என்று காலைக் காட்சிக்கு மட்டும் பிட்டுப் படம் போட ஆரம்பித்தான். பிறகு மதியமும் அதுவே. தொண்ணூற்றெட்டில் நாலு காட்சியும் அதுதான். இப்போது கேட்டுக்குப் பூட்டு.

"அடுத்த மாசம் தடுப்புச் செவத்த இடிச்சு, கொக்கியெல்லாம் புடுங்கிட்டு, அந்தப் பக்கமும் சேர் போடப் போறானாம். பொம்பளைகதான் வாரதில்லையே, எடம் எதுக்குங்கிறான்."

"வார மாதிரியா படம் போடுறான்?"

"அதையேதான் நானும் கேட்டேன். ஒனக்கு ஆம்பளைக கேட்டுல வேல தாரேங்கிறான். தலையில துண்டப் போட்டுக்கிட்டு வார பயலுகளுக்கு இந்த வயசுல நான் டிக்கெட்டு கிழிக்கணுமாம். நாக்கப் புடுங்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு!"

ரவிக்கை வாங்க வந்து உட்கார்ந்திருந்த ஆரிபா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "எந்திரிங்க. போய்க் கேப்போம்."

மதியழகன் அலுவலக அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே பெரிய முதலாளியின் படம், மாலையோடு.

"வாங்கக்கா. ஒங்க வீட்டுல டிவி இருக்கா?" என்று அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"இருக்கு."

"கேபிளு?"

"அதுவும் இருக்கு."

"அப்புறம் தியேட்டர்ல ஒங்களுக்கு என்னக்கா வேல?"

ஆரிபா விடவில்லை. "டிவி இருக்கு தம்பி, ஒக்காரத்தான் எடமில்ல. செத்த நேரம் ஒக்காந்தா மாமனாரு தண்ணி கேப்பாரு, மகன் சோறு கேப்பான். எந்திரிச்சுப் போய்ட்டு வாரதுக்குள்ள கதாநாயகிக்குக் கல்யாணம் முடிஞ்சு பிள்ள பொறந்திருக்கும்."

அவன் சிரித்தான். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. டிக்கெட்டு எடுக்கத்தான் ஆளக் காணோம். இந்தா பாருங்க, நாளைக்கே பொம்பளைக வந்து அந்தப் பக்கத்த நெறச்சுக் காட்டுங்க. நான் கேட்டையும் பூட்டல, செவத்தையும் இடிக்கல. போதுமா?"

"நெசமாவா?"

"எங்கப்பா மேல சத்தியம்." மேலே இருந்த படத்தைக் கையால் காட்டினான். எங்களை வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைக்கிற தைரியம் அவனுக்கு இருந்தது. பெண்களாவது, வருவதாவது!

தெருவுக்கு வந்ததும் ஆரிபா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கேட்டியா? எந்தப் படத்துக்குன்னு அவன் சொல்லல."

"நாளைக்கு ஓடுறது அந்தக் கருமம்தானே?"

"அதுக்குத்தான் போறோம்."

"ஒனக்குக் கிறுக்கா ஆரிபா? ஊரு என்ன சொல்லும்?"

"தெனம் உள்ள போற ஆம்பளைகள ஊரு என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப நம்மள மட்டும் என்னத்துக்குச் சொல்லணும்?"

அன்று சாயங்காலமே ஆளுக்கொரு தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலைக் காட்சிக்குச் சந்து நிறையப் பெண்கள். பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு, அதற்குப் பின்னால் இருந்த காலனி என்று எல்லா இடத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். இடுப்பில் பிள்ளை, தோளில் பழைய சேலை. ஆரிபாவின் மருமகள் சைதூன் கைப்பிள்ளையோடு முதல் ஆளாக நின்றாள். பெருமாயி அக்கா தன் சாவியால் கேட்டைத் திறந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

முன்பக்கம் ஆண்கள் வரிசை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதில் சர்ச்சில் பாடுகிற செபஸ்தியானை அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏலே செபஸ்தியான்! ஒங்கம்மா பின்னாடி வருதுடா! நல்ல பெஞ்சாப் பாத்து எடம் புடிச்சு வையி!"

ஸ்டாண்டைக்கூடத் தட்டாமல் சைக்கிளைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடினான் அவன். சிரித்த சிரிப்பில் சந்தே குலுங்கியது. ஒவ்வொருவனாகத் துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு கழன்றான். டீ குடிக்க வந்தேன் என்றான் ஒருவன். அங்கே டீக்கடையே கிடையாது.

மதியழகன் ஓடி வந்தான். "என்னக்கா இது கூத்து? நான் குடும்பப் படத்துக்குல்ல சொன்னேன்!"

"குடும்பத்தோடதான வந்திருக்கோம்?" என்றாள் ஆரிபா.

"சின்னப் பிள்ளைகள இந்தப் படத்துக்கு உள்ள விடக்கூடாது. சட்டம் இருக்கு."

"பள்ளிக்கூடத்துப் பாதையில இம்புட்டுப் பெரிய போஸ்டர ஒட்டியிருக்கியே, அதச் சின்னப் பிள்ளைக பாக்கலாமாக்கும்? அதுக்குச் சட்டம் இல்லையா?"

"பிள்ளைகள வெளிய விட்டுட்டு வாங்க, அம்புட்டுதான்."

"சரி, விட்டுட்டு வாரோம். இந்தா புடி." சைதூன் இடுப்பிலிருந்த பேரனை ஆரிபா வாங்கி அவன் கையில் வைத்துவிட்டாள். மற்றவர்கள் வாசல் கம்பிகளில் சேலையைக் கட்டித் தொட்டில் போட ஆரம்பித்தார்கள். கம்பியில் மாட்டியிருந்த போஸ்டர்கள் எல்லாம் சேலைக்குப் பின்னால் போய்விட்டன. கையிலிருந்த பிள்ளை வீறிட்டது. அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றான் மதியழகன்.

அந்த நேரத்தில்தான் பின்வீட்டிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு சிவனம்மாள் வந்தார்கள்.

"எனக்கும் ஒரு டிக்கெட்டு எடு பெருமாயி."

"அம்மா, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?" என்றான் மகன்.

"படம் பாக்கப்பா."

"இது ஒங்களுக்கான படம் இல்லம்மா."

"வேற யாருக்கான படம்?"

அவன் தலை குனிந்தான்.

"எங்க வீட்டுக்காரரு கட்டுன தியேட்டர்ல நான் ஒக்காந்து பாக்க முடியாத படமா ஓடுது? அந்தத் துட்டுலதான எனக்குத் தெனம் மாத்திர வாங்கிட்டு வந்து தார? ஏன்டா, அத முழுங்குறப்ப நான் எதத் தின்னேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வழிவிட்டான்.

அந்த அம்மா உள்ளே போய்க் கொக்கிகளுக்குக் கீழே, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை மதியழகன் காவலில் விட்டுவிட்டு நாங்களும் போய் அந்தப் பக்கத்தை நிறைத்தோம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை கிடையாது.

"ஆபரேட்டரப் படத்தப் போடச் சொல்லு" என்று சிவனம்மாள் குரல் கொடுத்தார்கள்.

விளக்கு அணையவில்லை. திரை வெள்ளையாகவே இருந்தது. செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெருமாயி அக்கா எழுந்தாள். "படந்தான் ஓடலையே, அப்புறம் என்ன சட்டம்?" வெளியே போய்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொக்கிகளில் தொட்டில் கட்டினாள். வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் பேசினோம், முறுக்குத் தின்றோம், ஒருத்தி தூங்கினாள். யாரும் தண்ணி கேட்கவில்லை. நான் பார்த்ததிலேயே நல்ல காட்சி அதுதான்.

இடைவேளை விடுகிற நேரத்துக்கு மதியழகன் வந்து தாயின் முன்னால் நின்றான். "படப் பெட்டியத் திருப்பி அனுப்பிட்டேம்மா. வெள்ளிக்கிழம குடும்பப் படம் போடுறேன்."

"செவரு?"

"இடிக்கல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வெள்ளிக்கிழமை நாங்களும் போனோம், அதற்கடுத்த படங்களுக்கும் போனோம். ஆனால் புதுப் படங்கள் எல்லாம் ஏசி போட்ட பெரிய தியேட்டர்களுக்கே போயின. எங்களுக்கு வந்து சேருவதற்குள் அவை திருட்டு விசிடியில் தெருவெல்லாம் ஓடி முடிந்திருக்கும். இரண்டாயிரத்து ஒன்றில் செண்பகத்தை மூடினார்கள்.

அதற்கு ஊர் சொன்ன காரணம்தான் எனக்கு ஆறவே இல்லை. "பொம்பளைக போயி ரகளை பண்ணுனாளுகள்ல, அதோட படுத்திருச்சு." சலூனில் இதைச் சொன்னார்கள், ரேஷன் கடையில் சொன்னார்கள், என் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னார்கள். விசிடி விற்றவன் பேர் யார் வாயிலும் வரவில்லை. பெரிய தியேட்டருக்கு மட்டும் படம் கொடுத்தவர்கள் பேர் வரவில்லை. நல்ல படம் போட்டபோது எட்டிப் பார்க்காமல், மற்றதற்கு மட்டும் துண்டோடு வந்து நின்றவர்களே நியாயம் பேசினார்கள். ஒரு காலைக் காட்சிக்குப் போனதற்காகத் தியேட்டர் மூடிய பழியையே எங்கள் தலையில் கட்டினார்கள்.

பிறகு மதியழகன் அதைக் கல்யாண மண்டபமாக்கினான். சிவனம்மாள் அதைப் பார்க்க இருக்கவில்லை. நாலு வருஷம் கழித்து அதே இடத்தில் கல்யாணம், மாப்பிள்ளை வேறு யாருமல்ல, செபஸ்தியான்தான். பெருமாயி அக்காவைக் கண்டதும் மேடையிலேயே அவன் முகம் கோணியது. "பயப்படாதடா, பொண்ணுகிட்டச் சொல்ல மாட்டேன்" என்று அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

எங்கள் பக்கம்தான் இப்போது சாப்பாட்டுக் கூடம். தடுப்புச் சுவர் இல்லை. பின்சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கொக்கிகள் மட்டும் அப்படியே இருந்தன, சீரியல் பல்பு தொங்கவிட வசதியாக.

சைதூனின் இரண்டாவது பிள்ளை தூக்கத்துக்கு அழுதது. அக்கா யாரையும் கேட்கவில்லை. பல்புச் சரத்தை அடுத்த கொக்கிக்கு மாற்றிவிட்டு, சைதூனின் பையிலிருந்த சேலையை எடுத்துத் தொட்டில் கட்டினாள்.

யூனிபார்ம் போட்ட வாட்ச்மேன் ஓடி வந்தான். "இங்க தொட்டில் கட்டக் கூடாதும்மா. மண்டபத்து அழகு கெட்டுரும்."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டிக்கொண்டே சொன்னாள். "இந்தக் கொக்கி யாருக்கு அடிச்சதுன்னு ஒங்க மொதலாளிகிட்டப் போயிக் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் பிள்ள தூங்கட்டும்."

கேட்கப் போனவன் திரும்பி வரவில்லை.