மூடிமேல் வைத்த பொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வராதீர்கள். இந்தக் கதை என்னுடையதில்லை, இதற்கு முடிவும் கிடையாது. செம்பூரில் ஓர் ஈரானி ஹோட்டலில் தாராவி மெக்கானிக் ஷேக் பரீத் எனக்குச் சொன்னது. ஒரு தடவை இல்லை, கேட்ட போதெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் டாக்சி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்புகிற இடம் வந்ததும், "அம்புட்டுதான், டீ ஆறிப்போச்சு" என்று நிறுத்திவிடுவார். பாதிக் கதையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிற என்னைத் திட்டுவதாக இருந்தால் அவரையும் சேர்த்துத் திட்டுங்கள்.

2

"1966 ஜூலையில் ஒரு காலை, பம்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்"

நிறுத்து. ஜூலையில் பம்பாயில் மழை என்பது ஒரு சேதியா? இட்லி வெந்தது என்று ஊருக்குத் தந்தி அடிப்பாயா?

"கோமதிநாயகத்தின் டாக்சி சளி பிடித்த குழந்தையைப் போல"

ஐயோ, வேண்டாம். வண்டியைக் குழந்தையாக்கினால் பரீத் பாய் டீயை என் சட்டையிலேயே ஊற்றுவார்.

சரி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் முழங்கால் தண்ணீரைக் கடந்து ஏறியதும் டாக்சி மிஸ்ஸிங்* அடிக்க ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டிருந்த ஷேக் பரீத் எஞ்சினைப் பார்த்து, "வந்துட்டியா வாப்பா, இன்னைக்குமா" என்றார்.

(* நாலு சிலிண்டரில் ஒன்று வேலைக்கு வராமல் போவது. அதன் பங்கையும் மற்ற மூன்றும் சேர்த்து இழுக்கும், வண்டி நொண்டும். எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறதுதான்.)

3

வண்டி பரீத்துடையதில்லை. அவருடைய கூட்டாளி கோமதிநாயகத்துடையது. பரீத் கடையநல்லூர், கோமதிநாயகம் தென்காசி. இரண்டு பேரும் ஒரே வருஷம் தாராவிக்கு வந்து, ஒரே அறையில் தலைமாடு கால்மாடாகப் படுத்தவர்கள். அன்றைக்குக் கோமதிநாயகம் பரேல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றில் கட்டி. பகல் பதினோரு மணிக்கு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் முன் பெண்டாட்டி முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண்டாட்டிதான் பின் சீட்டில் இருந்தாள். பெயர் பூமாரி. பார்க்காமல் உள்ளே கொண்டுபோய்விட்டால், அப்புறம் பார்க்கவே முடியாமல் போய்விட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான் வண்டிக்குள் இருந்தது. அதை இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

என் முதல் பிரதியில் பூமாரியை அழவைத்திருந்தேன். [முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பி] பரீத்துக்குப் படித்துக் காட்டினேன். "எவம்வே சொன்னான் அழுதான்னு? எரிச்சல்ல இருந்தா. ஒரு வண்டிய ஒழுங்கா ஓடவைக்கத் தெரியலயான்னு என்னையப் பாத்தா பாரு..." என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.

4

பரீத் வண்டியை ஓரங்கட்டினார். டிராம் நின்று இரண்டு வருஷமாகியும் பெயர்க்காத தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கியது. மாட்டுங்கா பக்கமிருந்து அந்த மழையிலும் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. இப்போதெல்லாம் அந்த வாசனை அத்தனை தூரம் வருவதில்லை, அல்லது என் மூக்குக்கு வயசாகிவிட்டது. எதுவோ ஒன்று. அந்தப் பம்பாய்மேல் எனக்கு ஏக்கம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

"தங்கச்சி, முன்னால வந்து அந்த வலது பெடல லேசா அமுக்கிக்கோ. எஞ்சின் அணையக்கூடாது."

"எனக்கு இதெல்லாம் தெரியுமாண்ணே?"

"தையல் மெசின் மிதிக்கேல்லா, அப்பிடித்தான்."

பானெட்டைத் தூக்கிச் சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தார். சிலிண்டர்களுக்குப் போகிற பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் எஞ்சின் சத்தம் தொய்ந்தது. அப்படியென்றால் அது நல்லது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே நோவு மூன்றில். இது புதுசில்லை. மழை தொடங்கிய நாள் முதல் இதே மூன்றாம் நம்பர்தான். பரீத் அதன் பிளக்கை மாற்றிப் பார்த்தாயிற்று, ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று. வெயில் வந்தால் வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஓடும், தூறினால் நொண்டும்.

ஒயரைத் திரும்பச் செருகினார். சாக்கின் இருட்டுக்குள் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒயர்கள் வந்து சேருகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியில், மூன்றாம் ஒயர் செருகிய இடத்திலிருந்து ஒரு நீல நூல் ஊர்ந்தது. ஊர்ந்து, மூடியைப் பிடித்திருக்கிற இரும்புக் கிளிப்பில் இறங்கியது. டிக், டிக், டிக். பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நூல் ஊர்ந்த பாதை முழுக்க ஒரு பொட்டு. விபூதி, சந்தனம், நடுவில் குங்குமம்.

"அல்லாவே" என்றார் பரீத்.

5

போன ஆயுத பூஜையன்று, பொட்டு வைக்கச் சிமிழோடு வந்த பூமாரி, "வண்டிக்கு உசிர் எதுல இருக்கு?" என்று கேட்டாள். கோமதிநாயகம் பானெட்டைத் திறந்து இந்த மூடியைத்தான் காட்டினார். தப்பாகவும் காட்டவில்லை. அவள் மோதிர விரலால் அழுத்தி வைத்தாள். எஞ்சின் சூட்டில் அது வெந்து ஓடுபோல இறுகிவிட்டது. காய்ந்திருக்கும்வரை சாது. ஈரம் குடித்துவிட்டால் கரண்டுக்குப் பாலம்.

ஒரு மெக்கானிக்குக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தொடச்சேன்வே, மூடிய தெனமும் தொடச்சேன். பொட்ட விட்டுட்டுச் சுத்தித் தொடச்சேன். 'அதுல மட்டும் கைய வச்சிராத பாய், பூமாரி கொன்னுபோடுவா'ன்னு அவஞ் சொல்லிருக்கான். அடுத்தவன் பொஞ்சாதி வச்ச குங்குமத்த எவனாவது அழிப்பானா?"

6

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. வரிசையாகச் சில வழிகள் தோன்றின.

பரீத் சத்தமில்லாமல் துடைத்துவிடலாம். அவள் உள்ளேதான் இருக்கிறாள், பானெட் மறைக்கிறது. (ஆனால் ஆபரேஷன் மேஜைக்குப் போகிற கூட்டாளியின் குங்குமத்தை அவர் கை அழித்து, அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் சோறு தின்ன முடியுமா?)

மழையே வந்து கழுவிவிடலாம். அழகாகத்தான் இருக்கும். ஒரு மாச மழைக்கு அசையாதது என் சௌகரியத்துக்காக இப்போது கரையுமாக்கும்.

பரீத் செய்தது இது. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, "தங்கச்சி, இங்க வா" என்றார்.

7

அவள் குடையில்லாமல் இறங்கி வந்தாள். அவர் காட்டினார், சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாந் தொடமாட்டேன். நீ வேண்டாம்னா நடந்தே போயிருவோம். தண்ணியில நேரமாவும், ஆனா போயிருவோம்."

மழை அவள் நெற்றிப் பொட்டைக் கரைத்து மூக்கில் இறக்கியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது, பரீத்துக்குத் தெரிந்தது.

"இத இன்னைக்குப் பாத்தா கண்டுபிடிக்கீய?" என்றாள். அப்புறம் குனிந்து, நகத்தால் பொட்டின் ஓரத்தை நெம்பினாள். சில்லாகப் பெயர்ந்தது. ஒரு சில்லை உள்ளங்கையில் மழைத்தண்ணீரில் குழைத்தாள். கரியும் எண்ணெயும் சேர்ந்து குங்குமம் செங்கல் நிறத்தில் இருந்தது. அதையே நெற்றியில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்தாள்.

"நா அழிக்கலண்ணே. எடம் மாத்துதேன். பாத்துக்கிடுங்க, நீங்க சாட்சி."

"சாட்சி" என்றார் பரீத். பெட்ரோல் துணியால் அந்த இடத்தைத் துடைத்து, காயவைத்து, ஹேண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் பிடித்தது. நாலும் வேலைக்கு வந்திருந்தன. அந்தச் சத்தத்தை அவர் ஹோட்டல் மேஜைமேல் விரலால் தட்டிக் காட்டுவார், விட்டுப்போகாமல், ஒரே சீராக. தாதர், பரேல். டாக்சி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியது.

டீ ஆறிப்போச்சு.

8

கடைசியாகப் பார்த்தபோது நான் விடவில்லை. "பாய், நேரத்துக்குப் போனாளா? அவர் பிழைத்தாரா? அதையாவது சொல்லுங்கள்."

"அந்த வருஷம் ஆயுத பூசைக்கும் அந்த டாக்சியில பொட்டு இருந்துச்சு" என்றார்.

"யார் வைத்தது?"

பூமாரி வைத்திருந்தால் கோமதிநாயகம் பக்கத்தில் நின்று பானெட்டைத் திறந்து பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். வேறு யாராவது வைத்திருந்தால் அவள் தள்ளி நின்று பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நாளில், அந்தத் தெருவில் அது அப்படித்தான். என் கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும்.

"நீதானவே கத எழுதுதே, நீயே வையி" என்று எழுந்து போய்விட்டார்.

வைத்துப் பார்த்தேன். இரண்டு விதமாகவும் எழுதினேன். ஒன்றில் எனக்கு என்மேலேயே நம்பிக்கை வரவில்லை, மற்றதை எழுதி முடிக்க மனசு வரவில்லை. ஆகவே சிமிழை உங்கள் கையில் தருகிறேன். பூமாரியைக் கூப்பிடுவதோ வேறு யாரையாவது கூப்பிடுவதோ உங்கள் இஷ்டம். ஸ்டீயரிங்கில் வையுங்கள், பானெட்டில் வையுங்கள். மூடிமேல் மட்டும் வேண்டாம்.