முகட்டுக்கு மேலே இரண்டடி

"இறங்குங்க, சாமி வந்துட்டாரு!" என்று டொரதி முற்றத்தில் நின்று கத்தியபோது, அவள் புருஷன் மத்தியாஸ் தகரக் கூரையின் முகட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வாயில் கடித்திருந்த ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"உள்ள கூட்டிட்டுப் போ. நாலு ஆணிதான் பாக்கி."

"அக்காவுக்கு அவஸ்தை எண்ணெய் பூச வந்திருக்காருங்க! இப்பப் போயி கூரையில தட்டிக்கிட்டு இருந்தா ஊரு என்ன சொல்லும்?"

ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வடிவம்மா மோவாயில் கை வைத்து நின்றாள். கூடப் பிறந்தவள் சாகக் கிடக்கிறாள், இவனுக்குக் கூரை வேலை கேட்கிறதா என்று அம்பிட்டிய ஊர் முழுக்க இன்னும் ஒரு மணி நேரத்தில் பேசும். பேசட்டும். மத்தியாஸ் அடுத்த ஆணியை வைத்து ஓங்கி அடித்தான்.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தோட்டைவரை எந்தத் தோட்டத் துரை பங்களாவின் குசினிக்குப் போனாலும், அடுப்புக்கு மேல் குடையை விரித்த மாதிரி ஒரு தகரப் புகைக்கூடு தொங்கும். அதிலிருந்து குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். பாதிக்கு மேல் மத்தியாஸ் கை வேலை. குழாய் முகட்டைத் தாண்டி இரண்டடி உயர வேண்டும் என்று எல்லாக் குசினியிலும் சட்டம் பேசுகிறவன், சொந்த வீட்டில் மட்டும் மிச்சத் தகரத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டான். குழாய் முகட்டுக்குக் கீழேயே நின்றுபோனது.

அடுப்பு மூட்டிய முதல் நாளே அக்கா மதலேனா கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள், "தம்பி, கொழாய் குட்டைடா. பொகை திரும்புது."

"ஈர வெறகை வச்சுக்கிட்டு என் வேலைய நொட்டை சொல்லாத," என்றான்.

தாய் தகப்பன் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். அவளிடம்தான் அந்த வாய். இரண்டு மாதம் இந்தச் சண்டை. கடைசியில் அவள் தன் முக்காலியைப் பின்வாசல்படிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து எக்கி எக்கிச் சமைத்தாள். பிறகு வயிற்றில் கட்டி என்று படுத்தவள்தான். மூன்று நாளைக்கு முன் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இன்று காலை முகம் கழுவ முற்றத்துக்கு வந்தவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஹந்தானை மலைப் பக்கத்துக் காற்று முகட்டைத் தாண்டி விழுந்து, வெளியே வந்த புகையைக் கழுத்தைப் பிடித்துக் குழாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. அடப் பாவி மத்தியாஸ், அவள் சொன்னது அத்தனையும் நிஜம்! அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அவளிடம் அதைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது, அடுப்பை எரித்துக் காட்ட வேண்டும். அதற்கு இன்றைக்கு விட்டால் நாளில்லை. அவள் மூச்சு நின்றால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை சாவு வீட்டில் அடுப்பு எரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் கிறிஸ்தவ வேதக்காரருக்கும் அந்தப் பக்கம் சைவருக்கும் அது ஒரே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தகரம் வாங்கக் கடையும் இல்லை. வாசலில் தொங்கிய தன் பெயர்ப்பலகையைக் கழற்றினான். நல்ல கெட்டித் தகரம். அதை உருட்டி மடித்துக் குழாயாக்கிக்கொண்டு கூரை ஏறினான்.

கடைசி ஆணியை அடித்து இறங்கி, கரிக்கையோடு கட்டிலடியில் முழங்காலிட்டான். சுவாமி எண்ணெய் பூசிச் செபித்துவிட்டுப் போனதும் நேரே குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினான். வேண்டுமென்றே கொஞ்சம் ஈர விறகையும் வைத்தான்.

சற்று நேரம் கழித்து உள்ளறையிலிருந்து மெலிந்த குரல் வந்தது.

"தம்பி, இன்னும் அடுப்பு மூட்டலியாடா?"

"எரியுது அக்கா."

"பொய் சொல்லாத. பொகையே இல்ல."

அவன் நடுக்கதவை விரியத் திறந்தான். படுத்தபடியே மதலேனா பார்த்தாள். தீ எழுந்து எரிந்தது. புகை கூட்டுக்குள் ஏறி மறைந்தது.

"கொழாய நீட்டினியா?"

"முகட்டுக்கு மேல ரெண்டடி. நீ சொன்னதுதான் சரி அக்கா. குட்டையா வச்சது நான்தான்."

"வெறகு ஈரம்னியே?"

"வெறகு மேல ஒரு குத்தமும் இல்ல."

"ஞாயித்துக்கெழம தகரம் ஏது?"

"என் பேர்ப்பலகை."

அவள் சிரித்துவிட்டாள். வயிறு வலித்தது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தாள். "பேரு தலகீழாவா நிக்குது?"

"ஆமா. கண்டிப் பக்கமிருந்து வர்றவன் பாத்தா தெரியும்."

"நல்லா தெரியட்டும்." அவள் மூச்சு வாங்கினாள். "அந்த முக்காலிய உள்ள எடுத்துப் போடு. வாசல்ல கெடந்தா யாருக்காவது கால் தட்டும்."

டொரதி அந்த அடுப்பிலேயே தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மதலேனா இரண்டு கரண்டி குடித்தாள். நாலு மணிக்கு, தம்பியின் கரிக்கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

டொரதியின் அழுகைச் சத்தம் கேட்டதும், வடிவம்மா அடுப்பை அணைக்க ஒரு செம்புத் தண்ணீரோடு வேலியைச் சுற்றிப் பின்பக்கம் ஓடிவந்தாள். வாசல்படியில் நின்ற மத்தியாஸிடம், "அடுப்ப அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். குசினியிலிருந்து புகை வரவில்லை. "அணைச்சாச்சு. நல்லதுதான். ராத்திரிக்கு எங்க வீட்டுலேருந்து கஞ்சி வரும் தம்பி," என்று செம்பை அங்கேயே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.

ஆனால் புகைக்கூட்டின் அடியில் ஒரு கட்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போன மத்தியாஸ், தண்ணீரை ஊற்றாமல் அதைத் தரையில் வைத்தான். திரும்பி வந்து வாசலிலிருந்த முக்காலியைத் தூக்கிப்போய், முன்பு கிடந்த இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் போட்டான். அதில் அவன் உட்காரவில்லை. அதன் அருகே தரையில் உட்கார்ந்து, அந்தக் கட்டை தானாக எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.