வடிவின் வால்வுச் சத்தம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் தாணு பிள்ளைக்கு, மகள் வடிவு பிழைத்து வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு பிழைத்திருக்கிறாளே என்ற மனத்தாங்கலும் உண்டு. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, நம் நாட்டிலேயே செய்து அப்போது நோயாளிகளிடம் பரிசோதித்துக்கொண்டிருந்த செயற்கை வால்வு ஒன்றை வைத்தார்கள். அது ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்றது. பகலில் கடைத்தெரு இரைச்சலில் தெரியாது. வீடு அடங்கினால் அடுத்த அறையில் படுத்திருக்கும் தாணு பிள்ளைக்கும் கேட்கும்.

புது வால்வு என்பதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் லேசில் விடுவதாயில்லை. மாதாமாதம் போய் ரத்தம் கொடுக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்பவள் நர்ஸ் ஜெஸி, பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். வடிவு இல்லையென்று தலையாட்டுவாள்.

"எனக்கு இருக்கு. அதையும் எழுதிக்கிடுங்க," என்பார் தாணு பிள்ளை.

"சாருக்கு வால்வு வைக்கல்லியே," என்று ஜெஸி சிரிப்பாள்.

அவளுக்குச் சிரிப்பு. பெண்ணைப் பெற்றவருக்கு அப்படியா? பெண் பார்க்க வருகிறவர்களின் காதில் விழுந்தால் என்ன சொல்வது? ஆப்பரேஷனையே மறைத்துவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் தீர்மானித்திருந்தார்கள். தழும்பை ரவிக்கை மறைத்துவிடும். சத்தத்துக்காகத் தாணு பிள்ளை பழைய சாமான் கடையில் ஒரு பெண்டுலக் கடிகாரம் வாங்கி முன்னறையில் மாட்டினார். யார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் பழி கடிகாரத்தின் மேல் போகும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் அமைந்தது. வடிவின் அம்மா பகவதியம்மாள் மகளின் வெளிறிய முகத்தைச் சரிசெய்ய இறங்கினாள். ரத்தம் ஊறட்டும் என்று தினமும் முருங்கைக்கீரை. வால்வில் ரத்தம் உறையாமல் இளக்கி வைக்க வடிவு சாப்பிடும் மாத்திரைக்குக் கீரை பகை, திடீரென்று கூட்டக்கூடாது என்று ஜெஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"கீரை தின்னா கெடுதியா? நல்ல கதை," என்றாள் பகவதியம்மாள். ஊசி குத்திய இடம் கையில் கன்றிப்போகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிப்போட்டாள்.

சத்தம் மெள்ள மெள்ளக் குறைந்தது. ஒருநாள் தாணு பிள்ளை கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மகள் தூங்கும் அறை வாசலில் நின்று கேட்டார். ஒன்றுமில்லை. சத்தம் நிற்கட்டும் என்று சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதுப்பா," என்றாள் வடிவு.

"கல்யாணம்னா அப்படித்தான் இருக்கும் மக்கா."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது ஜெஸி வந்து நின்றாள். வடிவு வராததால் வீடு தேடி வந்திருந்தாள். தாணு பிள்ளை அவளை அவசரமாக நடைப்பக்கம் ஓரங்கட்டினார். ஒளிக்க வேண்டியிருந்தாலும் பெருமை பொறுக்கவில்லை.

"இனி அந்தக் கேள்வியே வேண்டாம் கேட்டேளா? சத்தம் நின்னாச்சு."

ஜெஸியின் முகம் மாறியது. "எப்பம்?"

"கொஞ்ச நாளாட்டு. ஆஞ்சநேயரு காத்தாரு."

"சாரே, வால்வு நல்லா மூடித் திறந்தாத்தான் சத்தம் வரும். ரத்தம் உறைஞ்சு அதுல கட்டியிருக்கும். உயிருக்கே ஆபத்தாக்கும். இப்பமே கொண்டு போவணும்."

தாணு பிள்ளை அப்படியே திரும்பி முன்னறைக்கு வந்தார். வடிவு காப்பித் தட்டோடு நின்றாள். தட்டு நடுங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது.

"பிள்ளைக்கு என்ன, படபடப்பா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்தவர்கள் சிரித்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொள்வார்கள். தாணு பிள்ளை தட்டைத் தாமே வாங்கிக் கீழே வைத்தார்.

"இல்ல. நெஞ்சுல வால்வு வச்ச பிள்ளை. உங்கள்ட்ட மறைச்சிட்டோம். இப்பம் அது அடைச்சிக்கிட்டு. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆஸ்பத்திரியில் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கீரையால் வந்த வினை என்று டாக்டர் சொன்னபோது பகவதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் தாணு பிள்ளையை உள்ளே விட்டார்கள். குனிந்து கேட்டார். மெலிதாக 'டிக்' என்றது. பெரிய மனுஷன் என்பதையெல்லாம் மறந்து, எல்லோரும் பார்க்க அழுதார்.

நாகர்கோவில்காரர்களிடமிருந்து பிறகு தகவலே இல்லை.

அடுத்த வரன் வடசேரியிலிருந்து வந்தது. வடிவு வந்து உட்கார்ந்ததும் தாணு பிள்ளை ஸ்டூலில் ஏறிப் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். மின்விசிறியையும் அணைத்தார். வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அறையில் டிக், டிக் என்று கேட்டது.

"கடிகாரத்தைத்தான் நிறுத்தியாச்சே. பிறவு அது என்ன சத்தம்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"எம்மவ உயிரோட இருக்கா, அந்தச் சத்தம்," என்றார் தாணு பிள்ளை. "முழுக்க விவரம் சொல்லுதேன். கேட்டுட்டுப் பிறவு காப்பி குடிங்க."